உலகம்மையிடம் யாரும் சொல்லவில்லை

1

சீன மிஸ்ஸி கரும்பலகையில் வரைந்து முடித்த படம், காம்பு கீழே இருக்கும்படி பிடித்த கத்தரிக்காயைப் போல இருந்தது. மிஸ்ஸி என்றால் இந்தப் பினாங்கில் ஆஸ்பத்திரித் தாதி. சுகாதார ஆபீசிலிருந்து மாதம் ஒருமுறை எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகளின் கண், பல், தலை எல்லாம் பார்ப்பாள். அன்று பேன் பார்த்து முடித்ததும் பெரிய வகுப்புப் பெண்களை மட்டும் இருக்கச் சொன்னாள், கதவைச் சாத்தினாள், சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. அவள் இங்கிலீஷில் சொல்ல வேண்டியது, நான் தமிழில் சொல்ல வேண்டியது என்று ஏற்பாடு.

"பெண்ணாய்ப் பிறந்த எல்லோருக்கும் வயிற்றுக்குள் இந்த உறுப்பு இருக்கிறது" என்றாள். சொன்னேன். "வயது வந்தபின் மாதம் ஒருமுறை இதிலிருந்து இரத்தம் வெளியேறும். இது நோய் இல்லை" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அது திறந்தபடியே இருந்தது.

என்னை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். தென்காசியில் எங்கள் தெருவில் எனக்குப் பொரிச்சட்டி என்று பெயர். படபடவென்று வெடித்துக்கொண்டே இருப்பேனாம். அன்றைக்கு என் நாக்கில் வந்து நின்ற சொற்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன். தூரம். தீட்டு. வீட்டுக்கு விலக்கு. ஒதுங்கியிருக்கிறாள். அத்தனையும் அவள் எங்கே உட்கார வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று சொல்லுகிற சொற்கள். அவளுக்கு என்ன நடக்கிறது என்று சொல்ல அதில் ஒன்றுகூட உதவவில்லை.

நான் விழிப்பதைப் பார்த்து மிஸ்ஸி மலாய்க்குத் தாவினாள். "தாரா, தாரா" என்றாள். நமக்குத் தாரா என்றால் வாத்து. இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கோ கடைத்தெரு மலாய் தாய்மொழியைவிட நன்றாக ஓடும். முன் வரிசையில் இருந்த பாக்கியம் எழுந்து, "ரத்தம்னு சொல்லுதாவ டீச்சர்" என்று எனக்கே மொழிபெயர்த்தாள். பிறகு உட்காராமல் அங்கேயே நின்றாள்.

"டீச்சர், அது எல்லாருக்கும் வருமா?"

"எல்லாருக்கும் வரும்."

"எனக்குமா? வந்தா செத்துருவேனா?"

அந்தக் கணத்தில்தான் எனக்குப் பட்டது. இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டும். ஆறுகளும் மலைகளும் சொல்லித்தருகிற அதே குரலில், அதே கரும்பலகையில், பெண்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது சொல்லித்தர வேண்டும். "சாகமாட்ட" என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது.

வந்தவர் பள்ளிக்கூடக் காரியதரிசி. வீரகேரளம்புதூர்க்காரர், துறைமுகத் தெருவில் அரிசிக் கடை வைத்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம். பாக்கியம் அவருடைய ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை.

அவர் படத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, நிதானமாக, ஒரு கோடு மிச்சமில்லாமல் படத்தைத் துடைத்தார்.

"பாடம் முடிஞ்சிட்டுதுல்லா டீச்சர்? மணியடிக்கச் சொல்லுதேன்" என்றார்.

2

ஊரில் இருக்கும் உங்களுக்கு எங்கள் பள்ளிக்கூடம் எப்படியிருக்கும் என்று சொல்லவேண்டும். கீழே ஒரு செட்டியாரின் சரக்குக் கிட்டங்கி, மேலே நாங்கள். பாடம் நடக்கும்போது கீழேயிருந்து மிளகு வாசனை ஏறி வரும். பிள்ளைகள் தும்முவார்கள், நானும் தும்முவேன். காலையில் என் வீட்டுக்காரர் துறைமுகக் கம்பெனிக்குக் கணக்கெழுதப் போனதும் நான் இங்கே வந்துவிடுவேன். இருபத்திரண்டு வயதில், கல்யாணமாகிக் கடல் கடந்து வந்தும், சும்மா இருக்கமுடியாமல் நானே தேடிக்கொண்ட வேலை.

மிஸ்ஸி போன மறுநாள், இந்தப் பாடத்தை நடத்த அனுமதி கேட்டு நான் சுகாதார ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா, "இது கல்வி இலாகா சம்பந்தம்" என்றார். கல்வி ஆபீசில், "உடம்பு சம்பந்தப்பட்டதென்றால் சுகாதார இலாகா" என்றார்கள். நான் நகராமல் நின்றதைப் பார்த்து ஒரு பெரிய குமாஸ்தா இரக்கப்பட்டார். பாடத்திட்டத்தில் ஆரோக்கியம் என்று ஒரு தலைப்பு இருக்கிறதாம். அதற்குள் நான் எதையும் சொல்லலாம், பள்ளிக் கமிட்டி ஆட்சேபிக்காதவரை. "ஆரோக்கியத்துக்குப் படமும் அனுப்பியிருக்கிறோமே" என்றார்.

அந்தப் படம் எங்கள் சுவரில்தான் தொங்குகிறது. மனிதனின் உள்ளுறுப்புக்கள். மூளை, நுரையீரல், இருதயம், இரைப்பை, குடல். அத்தோடு படத்தின் மரச்சட்டம் வந்துவிடுகிறது. எங்கள் பள்ளிக்கூடத்து மனிதனுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது.

இந்த ஆபீசுகளில் நிற்பது எனக்குப் புதிதில்லை. கப்பலில் வந்து இறங்கினபோது, நோய் இருக்கிறதா என்று பார்க்க எங்களையெல்லாம் எதிரேயுள்ள தீவில் அடைத்து வைத்தார்கள். கர்ப்பமா, கடைசியாய் எப்போது தூரம் என்று டாக்டர் கேட்பதை ஒரு மொழிபெயர்ப்பாளர் எல்லோர் நடுவிலும் உரக்கக் கேட்டார்: "முழுகாம இருக்கியா? கடைசியா எப்பக் குளிச்ச?" எனக்கு முன்னால் நின்ற பெண், "காலம்பற குளிச்சேன்" என்றாள். ஆண்கள் சிரித்தார்கள். அவளும் என்னவென்று தெரியாமல் கூடச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூடச் சிரித்துவைக்கிற அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். குற்றாலத்திலிருந்து திரும்புகிற மாட்டுவண்டியில்.

3

என் தங்கையின் பெயர் உலகம்மை. கோயிலில் இருக்கும் அம்மன் பெயர்தான். தென்காசியில் கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நாங்கள் உலகு என்போம். ஏழாம் வகுப்பில் இருந்தாள். கணக்கில் என்னைவிடக் கெட்டி.

அந்த வருஷம் ஆனியிலேயே சாரல் பிடித்துவிட்டது. ஆலங்குளத்திலிருந்து அத்தை வந்திருந்தாள். தண்ணீர் நன்றாய் விழுகிறது என்று கேள்விப்பட்டு ஒரு வண்டி கட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் போனோம். பெரிய அருவியில் கூட்டம். நாங்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு முறைக்காகக் காத்திருந்தோம். அந்த நேரத்தில் உலகுவும் அடுத்த வீட்டுப் பெண்ணும், மேலே செண்பகாதேவி அருவிக்குப் போகிற பாதையில் யாருக்கும் தெரியாமல் ஏறிவிட்டார்கள். சாரல் காலத்தில் அந்தக் காட்டுப் பாதை முழுதும் அட்டை. திரும்பி வந்தவள் கணுக்காலில் மூன்று அட்டைகள் உப்பித் தொங்கின.

அத்தை வாயிலிருந்த புகையிலைச் சாற்றை அதன்மேல் துப்பினாள். அட்டைகள் சுருண்டு விழுந்தன. இரத்தம் மட்டும் நிற்காமல் வடிந்துகொண்டிருந்தது.

"ஏட்டி உலகு, காலோட போச்சேன்னு சந்தோசப்படு" என்றாள் அத்தை வண்டியில். "உள்ள ஏறிச்சுன்னா வயித்துக்குள்ளயே குடித்தனம் வச்சிரும். பெறகு உன்னக் கெட்டிக்கிட வாறவன் ரெண்டு பேருக்குல்லா சோறு போடணும்!"

வண்டியே குலுங்கிச் சிரித்தது. உலகுவும் சிரித்தாள்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "சிரிக்கியாட்டி? இன்னொரு தரம் சொல்லாமக் கொள்ளாம எங்கனயாச்சும் ஏறுனன்னு கேள்விப்பட்டேன், பள்ளிக்கூடத்த நிப்பாட்டிட்டு மாவாட்ட வச்சிருவேன்."

நான் மறுநாள் ரயிலேறிப் பாளையங்கோட்டைக்கு, என் பயிற்சிப் பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். அதற்குப்பின் நடந்தது அம்மா சொல்லி நான் கேட்டது.

சில நாளில் உலகுவுக்கு இரத்தம் கண்டிருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று அவள் பார்த்திருக்கிறாள். அதற்கு அவளுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். அட்டை ஏறிவிட்டது. உள்ளே இருக்கிறது. சொன்னால் மேலே ஏறின பேச்சு மறுபடி வரும், பள்ளிக்கூடம் போய்விடும். ஆகையால் யாரிடமும் சொல்லவில்லை. பாவாடையைத் தானே கிணற்றடியில் துவைத்திருக்கிறாள். அட்டைக்கு மருந்து என்னவென்று அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாளே. அப்பாவின் புகையிலையை எடுத்து ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டாள்.

கணக்கில் கெட்டி என்றேனே, அந்தப் புத்திதான் அங்கேயும் வேலை செய்திருக்கிறது. அவளுக்குத் தெரிந்தவற்றை வைத்துப் பார்த்தால் அவள் போட்ட விடையில் பிழை கிடையாது.

அம்மா பார்க்கும்போது மாட்டுத்தொழுவில் விழுந்து கிடந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாளாம். உடம்பெல்லாம் வியர்வை, கை கால் உதறல். வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் அம்மாவின் மடியில் கிடந்தபடி, "யம்மா, அட்ட செத்திருக்கும்லா?" என்று கேட்டிருக்கிறாள்.

"எந்த அட்டட்டி?"

அப்போதுதான் எல்லாம் சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்கு அந்த வண்டியில்தான் விளங்கியது. "அது அட்ட இல்ல தாயீ, நீ பெரிய மனுசி ஆயிட்டட்டி" என்று அம்மா கத்தினாளாம். அது உலகுவின் காதில் விழுந்ததா என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. ஆஸ்பத்திரி வாசலை வண்டி அடைவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

நம் வழக்கம் உங்களுக்கே தெரியும். ஒரு பெண் பெரியவளானால் குலவையிட்டுத் தெருவுக்குச் சொல்லுகிறோம். வண்ணாத்திக்குச் சொல்லுகிறோம், ஊர் ஊராய் ஆள்விட்டுச் சொந்தத்துக்குச் சொல்லுகிறோம், தாய்மாமன் தட்டு சுமந்து வருகிறான். எல்லோருக்கும் சொல்லுகிறோம். அவளிடம் மட்டும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லுவதில்லை. அச்சன்புதூரிலிருந்து என் மாமா வந்தார். அம்மாவிடம் செய்தி முழுதும் கேட்டு, கடைக்குப் போய் ஒரு சிவப்புப் பட்டு எடுத்து வந்தார். சடங்குக்கு அவர் போடவேண்டிய சேலை. அதைத்தான் அவளுக்குப் போர்த்தி எடுத்துப் போனார்கள். நான் வந்து சேர்ந்தபோது அந்தச் சிவப்பைத்தான் பார்த்தேன். முகத்தைப் பார்க்க விடவில்லை.

ஊருக்குப் பேதி என்று சொன்னோம். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அந்தச் சமாசாரத்தைச் சொல்லவேண்டும். அதை எப்படி வெளியில் சொல்லுவது? அவளைக் கொன்ற வெட்கமே அவள் செத்த காரணத்தையும் மூடிவிட்டது.

4

ஆனி மாதம் மறுபடி வந்திருக்கிறது. இங்கே சாரல் கிடையாது. மழை கொட்டும், நிற்கும், வெயில் அடிக்கும். இருந்தாலும் மாதத்தின் பெயரைக் காலண்டரில் கண்டாலே எனக்குச் சோறு இறங்காது.

பாடத்துக்காக நான் அலைவதைச் சொல்லிக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரர் தட்டை நகர்த்திவைத்துவிட்டுக் கேட்டார். "பொம்பளப் பிள்ளையளுக்கு மட்டும்தான் பாடமா? எங்களுக்குக் கெடையாதா?"

"ஆம்பளையளுக்கு என்ன வந்துச்சாம்?"

"என்ன வந்துச்சா? குத்தாலத்துல லேகியம் விக்கவன் பேச்சக் கேட்டிருக்கியா நீ? அருவிக்குப் போற வழியில ஜமுக்காளத்த விரிச்சி, எலும்புக்கூட்டுப் படத்தத் தொங்கவிட்டு நிப்பான். 'தம்பி, ராத்திரி சொப்பனம் காணுதியா? உன் உசுரு சொட்டுச் சொட்டா ஒழுகுது, முப்பது வயசுல கம்பு ஊனி நடப்ப'ன்னு எங்களப் பாத்துக் கைய நீட்டுவான். பத்தாம் வகுப்புல எங்க செட்டுல பாதிப் பேரு உசுரு போயிரும்னு பயந்து சாமியாராத் திரிஞ்சான். வாத்தியார்ட்ட கேக்க முடியுமா? பெரம்பெடுத்துருவாரு. அந்த லேகியக்காரந்தான் எங்களுக்கு உபாத்தியாயர்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பயத்தில் படிப்பை விட்டு ஓடிப்போன தோழன் ஒருவனைப் பற்றிச் சொன்னார். எங்கே போனான் என்று இன்னும் தெரியவில்லையாம்.

வீட்டில் தாயார் சொல்லித்தரட்டுமே, பள்ளிக்கூடம் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன். என் அம்மா கொடியவள் அல்ல. அவளுக்கும் யாரும் சொல்லவில்லை. அவளிடம் சொல் இல்லை. அவள் தாயாரிடமும் இருந்திருக்காது. தாய் இல்லாத பிள்ளைக்கு அந்த வழியும் அடைப்பு. ஆறு எங்கே பிறக்கிறது என்று தாயாரைக் கேட்டு வரச்சொல்லி எந்த உபாத்தியாயரும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதில்லை. உடம்புக்கு மட்டும் ஏன் அனுப்ப வேண்டும்?

5

கமிட்டி கூடினது. எனக்கு அழைப்பு இல்லை. முடிவை மட்டும் தலைமை உபாத்தியாயினி வந்து சொன்னாள். ஆரோக்கியப் பாடத்தில் பல், நகம், கொசு மூன்றும் போதும். மிஸ்ஸி இனிமேல் சுண்ணக்கட்டியைத் தொட வேண்டாம்.

நான் நேரே அண்ணாச்சியின் கடைக்குப் போனேன். மத்தியானம், கடையில் ஆளில்லை. அவர் மூட்டைமேல் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. சண்டைக்கு வந்திருக்கியா, அரிசிக்கு வந்திருக்கியா?"

"சண்டைக்குத்தான் அண்ணாச்சி."

"அப்பம் உக்காரு. நின்னுக்கிட்டுச் சண்ட போட்டா கால் வலிக்கும்."

உட்கார்ந்தேன். அவர் தானாகவே ஆரம்பித்தார். "நீ நெனைக்கிறாப்புல நான் மூடன் இல்ல. அந்த வகுப்புல ஒம்பது பிள்ளையளு இருக்கு. என்ன விட்டா மிச்சம் எட்டுத் தகப்பன்மாரும் எங்கிட்ட வந்து, 'அண்ணாச்சி, படம் போட்டாவளாமே'ன்னு கேட்டாச்சு. நாளைக்குப் பொண்ணு கேட்டு வாறவன், 'எந்தப் பள்ளிக்கூடம், அந்தப் பள்ளிக்கூடமா?'ன்னு கேப்பான். பிள்ளையள நிப்பாட்டிருவானுவ. இருக்க எழுத்தும் போயிரும். அது உனக்குச் சம்மதமா?"

அவர் சொன்னதை இன்றும் என்னால் தள்ள முடியவில்லை. இந்த அறையை இழந்தால் இந்தப் பெண்களுக்கு வேறு அறை கிடையாது.

"என் தங்கச்சி உலகம்மையத் தெரியும்லா உங்களுக்கு?" என்றேன்.

"உங்கப்பாவத் தெரியும். அந்தப் பிள்ள பேதியில போச்சுன்னு சொன்னாவ. பாவம்."

"பேதி இல்ல அண்ணாச்சி."

சொன்னேன். அட்டை, புகையிலை, வண்டி, சிவப்புச் சேலை. ஓர் ஆண்பிள்ளையிடம் அந்தக் கதையை நான் சொல்லுவது அதுதான் முதல் தடவை. சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாய் திறந்திருந்த அரிசி மூட்டையில் கையை விட்டு அள்ளுவதும் விடுவதுமாக இருந்தார்.

அரிசியை விட்டுக் கையைத் துண்டில் துடைத்தார். பிறகு, "பாக்கியத்த ஊருக்கு அனுப்புதேன்" என்றார்.

"எதுக்கு?"

"எதுக்கா? ஆத்தா இல்லாத பிள்ள. அவ பெரிய மனுசியாகி உக்காருதபோது பக்கத்துல பொம்பள வேண்டாமா? நான் என்ன செய்வேன்? வீரகேரளம்புதூர்ல என் அக்கா இருக்கா. அவகிட்ட விட்டுட்டா எல்லாம் முறையாச் செஞ்சிருவா."

"உங்க அக்கா முன்கூட்டிச் சொல்லுவாவளா?"

அவர் விசிறியைத் தேடி எடுத்தார்.

அப்போது கடையின் உள்கட்டிலிருந்து பாக்கியம் வந்தாள். எங்கள் பேச்சின் கடைசியை அவள் கேட்டிருக்க வேண்டும். "டீச்சர், அங்கன பள்ளிக்கூடம் உண்டுமா? எனக்கு அந்த ஊரே தெரியாதே. எனக்கு ஊரு இதுதான். மாடி வீடா, குடிசையா? கடல் இருக்குமா?" என்றாள்.

"குளம் இருக்குடே. பெருசு" என்றார் அவர், பையனைக் கூப்பிடுவதுபோல மகளைக் கூப்பிட்டு.

அவள் தந்தையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "குளத்துல கப்பல் வருமாக்கும்" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

நான் எழுந்தபோது அவரும் எழுந்தார். வாசல்வரை வந்தவர், தெருவைப் பார்த்தபடி மெதுவாய்ச் சொன்னார்: "பள்ளிக்கூடத்துல ஒண்ணும் வேண்டாம். அது முடிஞ்சுபோச்சு. ஆனா கப்பல் ஏறுததுக்கு முன்ன... உன் வீட்டுக்குத் தையல் படிக்கன்னு அனுப்புதேன். நீ என்ன சொல்லணுமோ சொல்லிக்கோ. என்ன சொன்னன்னு எனக்குத் தெரிய வேண்டாம்."

6

இதை நான் வெற்றி என்று எழுதமாட்டேன். ஒன்பது பேரில் ஒருத்திக்கு, அதுவும் தையல் என்று பொய் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு. அவளும் அதன்பின் என் வகுப்பில் இருக்கமாட்டாள். தனக்குத் தெரிந்ததைப் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லுகிற சுபாவம் அவளுக்கு உண்டு. அந்த வாயையும் கப்பலேற்றி அனுப்புகிறோம். மற்ற எட்டுப் பேருக்கு நான் பல்லையும் நகத்தையும் சொல்லித்தருவேன். வகுப்பில் அவர்கள் என்னைப் பார்க்கிற பார்வையில், படத்தை ஏன் துடைத்தார்கள் என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. அது ஏதோ அசிங்கம் என்பதை மட்டும் பழுதில்லாமல் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அந்த எட்டுப் பேரின் தாய்மார்களை வீடு வீடாய்ப் பார்ப்பது என்று தீர்மானித்திருக்கிறேன். கமிட்டிக்கு அந்த வீட்டு அடுக்களைகளில் அதிகாரம் இல்லை. முதலில் தாய்மார்களுக்கே சொல்லவேண்டியிருக்கும். சிலர் துரத்துவார்கள். ஒருத்தியாவது, "என் மகளுக்கு நீயே சொல்லிரு" என்பாள். நாலு பேர் அப்படிச் சொன்னால் அவர்களையே கூட்டிக்கொண்டு கமிட்டிக்குப் போய், சாத்தின கதவை மறுபடி தட்டுவேன். தென்காசியிலும் செங்கோட்டையிலும் ஆலங்குளத்திலும் பெண்பள்ளிகளில் வேலை பார்க்கும் என் தோழிகள் இதைப் படித்தால், அவர்களும் ஓர் அடுக்களையில் தொடங்கட்டும்.

மிஸ்ஸியிடம் கேட்டு அந்தப் படத்தை ஒரு காகிதத்தில் வரைந்து வாங்கியிருக்கிறேன். பழைய வேட்டியைக் கிழித்து, துவைத்து, மடித்து வைத்திருக்கிறேன். எப்படி வைத்துக்கொள்வது, எப்படி வெயிலில் உலர்த்துவது என்று கையில் கொடுத்தே காட்டிவிடலாம். சொற்களைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கருப்பை என்ற சொல்லை அடுப்படியில் நின்று உரக்கச் சொல்லிச் சொல்லிப் பழகுகிறேன். முதலில் குரல் இறங்கிவிடுகிறது. இன்று காலையில்தான் இறங்காமல் ஒருமுறை வந்தது.

பாக்கியம் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். நாகப்பட்டினம் கப்பல் செவ்வாய்க்கிழமை.